இடது காலில் விழும் தாளம்

வெலிங்டனில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு நடையே பேண்டு சத்தத்தோடுதான் வந்தது. எழுபதுகளின் ஒரு காலைப் பொழுதை நினைத்துக்கொள்ளுங்கள்: அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையின் சங்கு ஒரு பக்கம், மூச்சு வாங்கி ஏறும் மலை ரயிலின் கூவல் இன்னொரு பக்கம், இரண்டுக்கும் நடுவே மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் மைதானத்திலிருந்து கிளம்பிப் பள்ளத்தாக்கு முழுவதும் உருண்டு வரும் பேஸ் டிரம்மின் அடி. பள்ளிக்கூடம் போகிற நாங்கள், மார்க்கெட்டுக்குக் காரட் மூட்டை தூக்கிப் போகிறவர்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறும் தபால்காரர், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் என்று சாலையில் இருந்த அத்தனை பேரும், யாரும் யாரையும் பார்க்காமலே, அந்த அடிக்கு இடது காலை வைத்தோம். காது வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருந்தாலும் கால் அதைக் கேட்டுவிடும். உங்கள் ஊரில் பட்டாளம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சுதந்திர தினத்தன்று பள்ளி மைதானத்தில், ஒரு பக்கத் தோல் தளர்ந்துபோன சைடு டிரம்மை டிரில் மாஸ்டர் தட்ட, வெயிலில் கைவீசி நடந்த ஞாபகம் உங்களுக்கும் இருக்கும். பக்கத்து வரிசைப் பெண்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக முழங்காலைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிய ஞாபகமும் இருக்கும்.

அப்பா அந்த பேண்டில் யூஃபோனியம் வாசித்தார். கும்பகோணம் பக்கத்தில் நாதஸ்வரம் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கோயிலில் கிடைத்த சம்பளமும் வீட்டில் இருந்த வயிறுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் மீசை அரும்பிய வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். இவனுக்கு மூச்சும் இருக்கிறது, காதும் இருக்கிறது என்று கண்டுகொண்ட ஒரு பேண்டு ஹவில்தார் அவர் கையில் பித்தளையைக் கொடுத்தார். பிறகு மத்தியப் பிரதேசத்துப் பச்மரி மலைக்குப் படிக்க அனுப்பினார்கள். ஜெனரல் கரியப்பாவின் ஆதரவில் 1950இல் அங்கே தொடங்கப்பட்ட ராணுவ இசைப் பள்ளியில், சரளி வரிசையோடு போனவர் ஐந்து கோட்டில் எழுதிய இசையைப் பார்த்தவுடன் வாசிக்கிறவராகத் திரும்பி வந்தார். எங்கள் குவார்ட்டர்ஸில் பிராஸோ வாசனை இல்லாத சனிக்கிழமையே கிடையாது. பழைய பனியனைக் கிழித்து, அந்த வெள்ளைக் குழம்பை ஒரு பொட்டு எடுத்து, வளைவு வளைவாக அவர் தேய்க்கத் தேய்க்கப் பித்தளைக்குள் எங்கள் முகங்கள் தெரிய ஆரம்பிக்கும். பெரியது சிறியதாக, மூக்கு மட்டும் பெருத்து, நானும் தங்கையும் மாறி மாறி எட்டிப் பார்த்துச் சிரிப்போம்.

ஜனவரியில் மைதானத்துப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அந்த விடியல்களில் அப்பா மவுத்பீஸைச் சட்டைக்குள் போட்டு உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போவார். பித்தளை குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்றும் குளிரும், சுருதி இறங்கிவிடும். கிளாரினெட்காரர்கள் ஒரு பக்கமும் பித்தளைக்காரர்கள் ஒரு பக்கமும் இழுக்க, முதல் கால் மணி நேரம் பேண்டு மாஸ்டரின் முகத்தைப் பார்க்கவே முடியாது என்பார். வாத்தியத்தின் மேல் ஒரு சின்னக் கவ்வி இருக்கும். அதில் மார்ச் கார்டைச் செருகிக்கொள்வார்கள். நடந்துகொண்டே படிக்க வேண்டுமே, அதனால் ஒரு முழு மார்ச்சும் அந்தச் சின்ன அட்டைக்குள் அடங்கியாக வேண்டும். அப்பா ராத்திரி உட்கார்ந்து, இண்டியன் இங்க்கில், ஒன்றன்மேல் ஒன்று படாமல் புள்ளிகளை அடுக்கி எழுதுவார். மை காய்ந்ததும் மெழுகுவர்த்தியை எடுத்து அட்டை முழுக்க இதமாகத் தேய்ப்பார். நீலகிரி மழைக்கு அது போதும், எழுத்து கரையாது. அந்த அட்டைகள் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன, மெழுகு மஞ்சளாகிவிட்டது, எழுத்து அப்படியே நிற்கிறது.

ஒரு மார்ச் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலில் நாலு வரி முழக்கம், ஆட்களை நிமிர வைக்க. பிறகு ஒரு மெட்டு, இரண்டு தடவை. இன்னொரு மெட்டு, அதுவும் இரண்டு தடவை. அதற்கப்புறம் ட்ரையோ. அந்த இடம் வந்ததும் டிரம் அடங்கும், கார்னெட்டுகள் குரலைத் தாழ்த்தும், அதுவரை அடியில் கிடந்த யூஃபோனியம் மேலே வந்து பாடும். "கேளு, இங்கதான் மத்யம சுருதிக்குப் போவுது" என்பார். உண்மையில் நடப்பதும் அதுதான். பெரும்பாலான மார்ச்சுகளில் ட்ரையோ வரும்போது பழைய மத்யமம் புதிய ஷட்ஜமாகிவிடும். கச்சேரியின் கடைசியில் மத்யம சுருதி வைத்துக்கொண்டு ஒரு திருப்புகழோ சிந்துவோ பாடும்போது சபையில் ஓர் இளக்கம் பரவுமே, அந்த இளக்கம் கொளுத்தும் வெயிலில் பூட்ஸ் போட்டு நடக்கிற எண்ணூறு பேருக்கு நடுவிலும் பரவும். பிறகு அதே மெட்டு திரும்பவும் வரும், இந்தத் தடவை மொத்தப் பித்தளையும் மொத்த டிரம்மும் சேர்ந்து. கடைசியில் பேஸ் டிரம்காரர் கொடுக்கும் இரட்டை அடி, அந்த அடிதான் நிறுத்தச் சொல்லும் உத்தரவு. பேண்டு மாஸ்டரின் கையசைவைப் பின்வரிசைக்காரன் பார்க்க முடியாது. இரட்டை அடியை எல்லாரும் கேட்பார்கள்.

நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை வெள்ளைக்காரன் வாத்தியம் ஊதப் போய்விட்டான் என்று ஊரில் பேசினார்களாம். அப்பா அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. இந்த இசை நம் வாசலுக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கேட்டவர் முத்துசுவாமி தீட்சிதர். மணலியில் குடும்பத்தோடு இருந்த இளவயதில் கேட்ட அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்த அவற்றை இன்றும் நோட்டு ஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து அரசனை வாழ்த்தும் பாட்டின் மெட்டு. அரசனை வாழ்த்திய மெட்டில் தேவியை வாழ்த்திவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த கிருதிக்குப் போய்விட்டார். தஞ்சாவூரில் 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜி, அரண்மனையில் மேல்நாட்டு பேண்டே வைத்திருந்தார். அந்தக் காலத்து இசைச் சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அதன் வழிவந்த பேண்டு வாத்தியம்தான் பிறகு நம் கல்யாண ஊர்வலங்களில் காஸ் லைட் வெளிச்சத்தில் கிளாரினெட்டோடு நடந்து வந்தது. எனக்குத் தெரிந்து அந்த கிளாரினெட்காரர்களில் பலர் பட்டாளத்திலிருந்தோ போலீஸ் பேண்டிலிருந்தோ பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். மாப்பிள்ளை அழைப்பில் அவர்கள் கைக்கு வந்த சினிமாப் பாட்டை வாசித்தாலும் கால் மட்டும் மார்ச்சிலேயே இருக்கும்.

சிறுவயதில் என்னை ரொம்ப நாள் குழப்பிய ஒரு விஷயம் உண்டு. மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் டிரம் அடிக்கும் ஆட்களின் இடது காலுக்கும் அச்சுப்போலப் பொருத்தம். அதையே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஏறி நின்று பார்த்தால், அடி விழும்போது ஆட்கள் வலது காலில் இருப்பார்கள். எண்ணூறு பேரும் ஒன்றாகத் தப்பாக நடப்பார்களா? அப்பா காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். குவிக் மார்ச் என்றால் நிமிடத்துக்கு 120 அடி. ஓர் அடிக்கு அரை வினாடி. காற்றில் சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அரை வினாடியில் 170 மீட்டர். ஆக, 170 மீட்டர் தள்ளி நிற்கிறவனுக்கு இடது காலின் அடி வந்து சேரும்போது ஆட்கள் வலது காலுக்கு மாறியிருப்பார்கள். நீண்ட வரிசையில் பின்னால் வருகிறவர்களுக்கு இது உண்மையான தலைவலி. டிரம்மைக் கேட்டு நடந்தால் முன்னால் போகிறவனோடு முட்டிக்கொள்வார்கள், முன்னால் போகிறவனைப் பார்த்து நடந்தால் டிரம்மோடு சேரமாட்டார்கள். பேண்டை வரிசையின் எந்த இடத்தில் வைப்பது என்று பட்டாளங்கள் யோசித்ததெல்லாம் இதனால்தான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் வேண்டுமென்றே சரிவில் மேலும் கீழும் ஏறி இறங்கி, சத்தமும் காலும் எந்தப் பாறையருகே சேருகின்றன, எந்த மரத்தடியில் பிரிகின்றன என்று தேடிக்கொண்டிருப்பேன். விடுமுறை நாட்களில் அதைவிட நல்ல விளையாட்டு எனக்கு வேறு எதுவும் இருந்ததில்லை. இன்று தொலைக்காட்சியில் குடியரசு தின அணிவகுப்பைப் பார்க்கும்போது, காமிரா எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தாலும் அடியும் காலும் சேர்ந்தே வருகின்றன. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் எனக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவே இருந்த காற்றை அது எடுத்துவிட்டது.

பேண்டு இல்லாத நாட்களிலும் பாட்டு இருந்தது. ரெக்ரூட்டுகளை ரூட் மார்ச்சுக்குக் கூட்டிப் போவார்கள். கேத்தி பக்கம் போய்த் திரும்பும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும், தோளில் ரைஃபிளும் முதுகில் மூட்டையுமாக ஆட்கள் துவண்டிருப்பார்கள். ஆணைகள் எல்லாம் இந்தியில்தான்; தேஸ் சல், தம், தாஹினே முட் என்று உஸ்தாத் கத்துவார். பள்ளியில் எங்கள் என்.சி.சி.யிலும் அந்தச் சொற்கள்தான், அதுவே தமிழ்நாட்டில் பெரிய அரசியலாகி, 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்தி ஆணைகளுக்கும் இடம் கிடைத்தது. ஆனால் களைத்துத் திரும்பும் தம்பிகள் (மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களைப் பட்டாளம் முழுக்க அப்படித்தான் கூப்பிடும்) பாடியது தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் கன்னடத்திலும். குரல் உள்ள ஒருவன் எம்.ஜி.ஆர். பாட்டை எடுப்பான், மற்றவர்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வளைவில் ஒரு மலையாளி வஞ்சிப்பாட்டை எடுப்பான். மொழி தெரியாத ராயலசீமைக்காரனும் "தெய் தெய்" என்று சேர்ந்துகொள்வான். கேட்டருகே வரும்போது உஸ்தாத் ஒரு குரல் கொடுக்க, "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று மலை அதிர எழும்பும். அதைக் கேட்டு எங்கள் தெருவின் சின்னக் குழந்தைகள் அழும், நாங்கள் ஓடிப்போய் வேலியில் தொங்குவோம்.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். 1944இல் நியூயார்க் மாநிலத்தில், நெடுந்தூரம் நடந்து களைத்துத் திரும்பிய படையில் வில்லி டக்வொர்த் என்ற கறுப்பினச் சிப்பாய் தாளம் கட்டிக் குரல் கொடுக்க, மற்றவர்கள் பதில் கொடுக்க, துவண்ட கால்கள் நிமிர்ந்துகொண்டன. அவர்கள் ராணுவம் முழுக்க அந்தப் பாணி பரவியது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் நமக்குக் காட்டியது அதைத்தான்: ஒருவன் எடுக்க, பத்துப் பேர் வாங்கிக்கொண்டால், உடம்பு தன் பாரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடும். அதே அமெரிக்காவில் 2003இல், மறைந்த படைவீரர்களின் சவ அடக்கத்தில் ஊதுவதற்கு பியூகிள் ஆட்கள் போதவில்லை என்று, உள்ளே ஒலிப்பதிவு வைத்த பியூகிளைக் கொண்டுவந்தார்கள். ஒரு வீரர் அதை வாயருகே வைத்துக்கொண்டு நிற்பார், அது தானாகவே ஒலிக்கும். பிசிறு இல்லாமல், சுருதி இறங்காமல், யாருடைய உதடும் நடுங்காமல் ஒலிக்கும். அந்தக் குடும்பங்களுக்கு எந்த இசையும் இல்லாமல் போவதைவிட இது மேல் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவுக்கு முன்னால் ஓர் உயிருள்ள மூச்சு நிற்பதற்காகத்தானே அந்த வழக்கமே உண்டாயிற்று.

பேண்டுக்காரர்களின் வேலை ஊதுவது மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர் என்று வந்தால் அவர்கள் வாத்தியத்தை ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்குவார்கள். 1971இல் அப்பா பட்டாலியனோடு இருந்தார். யாரை எங்கிருந்து தூக்கினார் என்று அவர் சொன்னதே கிடையாது. வலது தோளைத் தூக்கி இறக்கிக்கொள்ளும் ஒரு பழக்கம் மட்டும் அதற்குப் பிறகு வந்தது என்று அம்மா சொல்வாள்.

அவருக்கு மிகவும் பிடித்த மார்ச் 'கர்னல் போகி'. கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில் ரிக்கெட்ஸ் என்ற பேண்டு மாஸ்டர் 1914இல் எழுதியது. உலகம் அதைத் தெரிந்துகொண்டது 1957இல் வந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தில் கைதிகள் விசிலடித்துக்கொண்டு நடந்து வரும் காட்சியால். படம் எடுத்தது இலங்கையின் கித்துல்கலையில், கதை நடப்பது சயாம் மரண ரயில் பாதையில். குன்னூரில் அந்தப் படம் திரும்ப வந்தபோது குடும்பத்தோடு போனோம். தியேட்டரில் பாதிப் பேர் பட்டாளத்துக் குடும்பங்கள், விசில் ஆரம்பித்ததும் நூறு கால்கள் தரையில் தட்ட ஆரம்பித்தன. அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்ததைப் படித்தது வெகுகாலம் கழித்து. அந்த விசிலில் அவர்கள் இல்லை. அதே மலாயாவில், அதே ஆண்டுகளில், அதே தோட்டத்துத் தமிழ் இளைஞர்களும் பெண்களும் நேதாஜியின் படையில் சேர்ந்து 'கதம் கதம் படாயே ஜா'வுக்கு நடந்தார்கள். ராம் சிங் தாகூரி என்ற கூர்க்கா இசைக்காரர் அமைத்த மெட்டு. பிரிட்டிஷ் படையிலிருந்து பிடிபட்டுப் போனவர் அவர். இன்று இந்திய ராணுவத்தின் பேண்டுகள் இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவை. அப்பாவின் அட்டைக் கட்டில் இரண்டும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன, ஒரே மெழுகு பூசி.

ஜனவரி 29ஆம் தேதி சாயங்காலம் டில்லி விஜய் சௌக்கில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டை முதலில் ரேடியோவிலும் பிறகு ஆபீசர்ஸ் மெஸ்ஸுக்குப் பின்னால் இருந்த ரிக்ரியேஷன் ரூம் டி.வி.யிலும் கேட்டோம், பார்த்தோம். வரவேற்பு இழுக்கும், படம் பனிமூட்டத்தில் அலையும், ஒருவர் கூரை மேல் ஏறி ஆண்டெனாவைத் திருப்ப, கீழிருந்து "போதும் போதும், அங்கயே நிறுத்துங்க" என்று கத்துவார்கள். எல்லா முழக்கமும் ஓய்ந்த பிறகு 'அபைட் வித் மி' வரும். லைட் என்ற பாதிரியார் எழுதிய பாட்டுக்கு மங்க் என்பவர் 1861இல் போட்ட மெட்டு, காந்திக்குப் பிடித்தது, எங்கோ ஒரு மாடத்திலிருந்து மணிகள் பதில் சொல்லும். பிறகு 'ஸாரே ஜஹான் ஸே அச்சா'வோடு பேண்டுகள் ரைசினா குன்றின் மேல் ஏறி மறையும். 2022இல் 'அபைட் வித் மி'யை எடுத்துவிட்டு 'ஏ மேரே வதன் கே லோகோ'வை வைத்தார்கள். அந்த வருடம்தான் ஆயிரம் ட்ரோன்கள் வானத்தில் படம் வரைந்தன. 'ஏ மேரே வதன்' மோசமான பாட்டு என்று எந்த மனிதரும் சொல்லமாட்டார். நம்முடைய 'வஞ்சிக்கோட்டை வாலிப'னுக்கு இசையமைத்த சி. ராமச்சந்திராவின் மெட்டு அது. அதைச் சேர்த்தது சரி. மற்றதை எடுத்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. தீட்சிதர் கோட்டைக்குப் போய் அந்நிய மெட்டைக் கேட்டு அம்பாளுக்கு ஆக்கினார். காந்தி ஒரு பாதிரியாரின் பாட்டைத் தன் பிரார்த்தனைக்கு ஆக்கினார். எங்கள் அப்பா அதைத் தன் மூச்சால் ஊதினார். இத்தனை பேர் கைபட்ட பிறகும் அது வெளியார் பொருள் என்றால், அந்த மைதானத்தில் இருக்கும் ட்ரம்பெட்டையும் பேக்பைப்பையும் என்ன செய்வது?

மாற்றம் எல்லாமே இழப்பு என்று நான் சொல்ல வரவில்லை. 2024 குடியரசு தினத்தன்று, அணிவகுப்பின் தொடக்கத்தில், நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் சங்கும் நகாராவும் நாதஸ்வரமும் வாசித்துக்கொண்டு கர்தவ்ய பாதையில் நடந்து வந்தார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். வீட்டில் இருந்த வாத்தியத்தை விட்டுவிட்டுப் பிழைப்புக்காக இன்னொன்றைத் தூக்கிய மனிதரின் மகன் நான். அந்த வாத்தியம் படைக்கு முன்னால், அதுவும் பெண்கள் கையில் நடந்து வருகிறது என்றால் அப்பா என்ன செய்திருப்பார்? சீவாளி நனைந்திருக்கிறதா, ஜனவரிக் குளிரில் சுருதி எப்படி நிற்கிறது என்று முதலில் கேட்டிருப்பார். அன்றைக்கே பிரெஞ்சு அந்நியப் படையும் வந்தது. நிமிடத்துக்கு 88 அடி, அவர்களுடைய வழக்கமான மெதுநடை. புதுச்சேரியில் ஜூலை 14ஆம் தேதி பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்து நிற்கும் பழைய சொல்தாக்களைப் பார்த்தவர்களுக்கு பிரெஞ்சுப் படைகளில் நம் ஆட்களும் இருந்தது தெரியும். நம் 120 அடிகளுக்கு நடுவே அந்த 88 வந்தபோது சாலையே கொஞ்சம் நிதானித்தது. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் எதற்கு ஆடுவது என்று தெரியவில்லை.

அங்கேதான் எனக்கு மனம் தட்டுகிறது. இந்த இசை நடக்கிறவர்களுக்காகப் பிறந்தது. 30 அங்குல அடி, நிமிடத்துக்கு 120, அப்படியென்றால் நிமிடத்துக்கு நூறு கஜம்; அந்தக் கணக்குக்குத்தான் ஒவ்வொரு மெட்டும் வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. இன்று அதை முன்னைவிட நிறையப் பேர், முன்னைவிடத் தெளிவாக, உட்கார்ந்துகொண்டு கேட்கிறோம். போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். அணிவகுப்புக்கு பேண்டு இல்லை. செல்போனிலிருந்து ஸ்பீக்கருக்கு மார்ச் போனது. அருமையான பதிவு, கிளாரினெட் வரிசை தனியாகக் கேட்கிறது. பாதி மைதானத்தில் செல்போனுக்கு அழைப்பு வந்துவிட்டது. இசை நின்று, ரிங்டோன் ஒலிக்க, தூக்கிய காலோடு முந்நூறு குழந்தைகள் ஒரு கணம் நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பெண் "லெஃப்ட், லெஃப்ட்" என்று குரல் கொடுத்தாள். பின்னால் இருந்தவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மேடையைக் கடந்துவிட்டார்கள். கைதட்டல் அவளுக்குத்தான் விழுந்தது.

என் பேத்தி இன்னொரு பள்ளியில் படிக்கிறாள். அங்கே பேண்டு உண்டு. அவள் சைடு டிரம். செல்போனில் மெட்ரோனோமை 120இல் வைத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடி வராந்தாவில் நடந்து நடந்து பழகினாள், கீழ்வீட்டிலிருந்து புகார் வந்தது, இப்போது மொட்டை மாடியில் ரப்பர் அட்டை மேல் தட்டுகிறாள். "தாத்தா, அந்த ஆப்பை விட நீங்க கூட நடந்தா எனக்கு ஈஸியா இருக்கு" என்று அவளே கண்டுபிடித்தாள். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே இருவரும் நடக்கிறோம். போன வாரம் அப்பாவின் அட்டை ஒன்றை எடுத்து அவளுக்கு டிரம் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன்.

"ட்ரையோல டிரம் ஏன் தாத்தா இவ்வளவு மெதுவா அடிக்கணும்?"

"யூஃபோனியம் கேக்க வேணாமா கண்ணு?"

"எங்க பேண்டுல யூஃபோனியமே இல்லியே."

பள்ளியில் கேட்டிருக்கிறாள். வாங்கித் தருகிறோம், ஊத ஆள் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் நீச்சலடிக்கிற ஒரு பையன் இருக்கிறான், மூச்சு நன்றாகப் பிடிப்பான் என்று சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருவதாக ஏற்பாடு. முதல் ஒரு மாதம் ஒற்றை ஸ்வரம்தான், நீளமாக, நடந்துகொண்டே ஊத வேண்டும் என்று அவனிடம் இப்போதே சொல்லி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.